கிராப் நோட்டில் ஒரு காலிப் பக்கம்

ஆரணி
20.1.2025

அன்புத் தம்பி பலராமனுக்கு அக்கா தெய்வநாயகி எழுதுவது. இங்கு நான், மாமா, மகள் சத்யப்ரியா மூவரும் சுகம். அங்கே நீயும் கீதாவும் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போன வாரம் போன் பண்ணி உன் மூல வியாதி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. காரில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கிறாய். எம்.எல்.ஏ. ஆனால் மூலம்கூடப் பொதுச் சொத்தா? இனிமேல் உன்னிடம் சொல்வதைக் காகிதத்தில்தான் சொல்வேன்.

பொங்கலன்று நம் தெருமுனை மேடையில் பேசினாயே, "நான் சபையில இருக்கிற வரைக்கும் ஒரு பாவுகூட தெருவை விட்டுப் போவாது" என்று, அது மறுநாள் பேப்பரில் வந்தது. வெட்டி ஒட்டிவிட்டேன். ஜெயித்த அன்று "நான் பேசறதெல்லாம் நீதான் எடுத்து வெக்கணும்க்கா" என்று கேட்டாய். நாலு வருஷமாக ஒன்று விடாமல் ஒட்டி வருகிறேன். மாமா புடவை டிசைன் போட வைத்திருந்த பழைய கிராப் நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

தெரு ஆக்கிரமிப்பைத் தடுக்க ஏதோ மசோதா வருகிறதாமே? நெசவாளர் சங்கத் தலைவர் ஜெயவேல் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "தறிக்குப் போற நூலைத் தெருவுல பாவா நீட்டிக் கஞ்சி போடறதும் ஆக்கிரமிப்புல சேருமா?" என்று கேட்கிறார். சேராது என்று நீ ஒரு வரி எழுதிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

காரம் குறைத்துக்கொள்.

அக்கா

*

சென்னை
4.2.2025

பிரியமுள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கம். உன் கடிதத்தைப் படித்துக் கீதா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்பீக்கர் போட்டது டிரைவர், நான் இல்லை. வியாதி பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?

அந்த மசோதா பேனர், கடை போர்டு, நடைபாதைக் கடைகளுக்காக வருவது. நம் தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடிகாலையில் இரண்டு மணி நேரம் பாவு நீட்டுகிறோம், வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போகிறோம். அதை யார் ஆக்கிரமிப்பு என்று சொல்லுவான்? அப்படி ஏதாவது இருந்தால் நான் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறேன்? எழுந்து "இல்லை" என்று சொல்லிவிட மாட்டேனா?

ஜெயவேல் அண்ணனைப் பேஜார் ஆகாமல் இருக்கச் சொல்.

அன்புடன்
பாலு

*

ஆரணி
18.2.2025

தம்பி பாலுவுக்கு, எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனியாக ஒரு கட்சி ஆரம்பித்திருக்கிறது.

உன் கடிதத்தை ஜெயவேல் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அதற்குள் சத்யப்ரியா செய்யாருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதே மசோதாவைப் போனில் இறக்கிப் படித்துவிட்டாள். ஏழாவது பிரிவில் இருக்கிறது: "தொழில் சார்ந்த எப்பொருளையும் எந்நேரத்திலும் பொதுத் தெருவில் வைத்தல், விரித்தல், நீட்டுதல், உலர்த்துதல்." நீட்டுதல் என்றே போட்டிருக்கிறான். நம் தெருவில் வந்து நின்று பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். எல்லோரும் வேன் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுக்கலாம், பேப்பர்காரர்களையும் கூப்பிடலாம் என்று முடிவெடுக்கும் நேரம். நான் எழுந்து, "இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போறீங்க? என் தம்பி சபையில எழுந்து இல்லன்னு சொல்லுவான். எழுதியே குடுத்துகிறான்" என்று உன் கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். "தெய்வநாயகியம்மா வார்த்தை போதும்" என்று கலைந்துவிட்டார்கள். அறுபத்திரண்டு வீடு, பாலு.

பதில் போடு. மாமா உன்னை விசாரித்தார்.

அக்கா

*

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்
10.3.2025

அனுப்புநர்: இளஞ்செழியன், நேர்முக உதவியாளர்.
பெறுநர்: திருமதி தெய்வநாயகி சுப்பராயலு, ஆரணி.

பொருள்: தெருப் பாவு – விலக்கு கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் மனு, நாள் 18.2.2025.

அம்மா,

பார்வையில் காணும் தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. அதில் கண்ட கோரிக்கை மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மனுவில் குறிப்பிட்ட முழங்கால் சிகிச்சைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம்.

தங்கள் உண்மையுள்ள
இளஞ்செழியன்

*

ஆரணி
20.3.2025

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு, தங்கள் தொகுதி வாக்காளர் தெய்வநாயகி எழுதிக்கொள்வது. தங்கள் நலம் அறிய ஆவல். என் முழங்காலும் தங்கள் பரிசீலனையில் இருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன்.

போகட்டும். அந்தத் தம்பியைத் திட்டாதே, அவன் வேலையை அவன் செய்திருக்கிறான். மாமாதான் நாள் முழுக்க அதைப் படித்துப் படித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கக்கூட உனக்கு நேரமில்லையா என்றுதான் இருந்தது.

ஒன்று கேட்கிறேன். சபையில் ஓட்டு எப்படி எடுப்பார்கள்? யார் என்ன சொன்னார்கள் என்று பேர் போட்டு எழுதுவார்களா? எழுதினால் அந்தக் காகிதம் எனக்கு வேண்டும். நோட்டில் ஒட்ட வேண்டும்.

இன்று காலை மாமா பாவு நீட்டும்போது உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பா ஒரு முனை, நீ எதிர்முனை. "புடிச்சாச்சா?" என்று அப்பா கேட்டார். பனியில் ஆள் தெரியவில்லை. நீ வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாய். பதில் வராததால் நீ இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைத்து அப்பா தன் முனையைத் தளர்த்த, பாவு மொத்தமும் புழுதியில் விழுந்தது. "தலைய ஆட்டினேனே" என்று அழுதாய். "அறுபதடி தூரத்துல தலை ஆடறது எவன் கண்ணுக்குடா தெரியும்? சத்தம் குடுடா" என்றார் அப்பா. இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது.

பதில் உன் கையெழுத்தில் வரட்டும்.

அக்கா

*

சென்னை
14.4.2025

அக்காவுக்கு, வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். காலையில் சபை, சாயங்காலம் கட்சி அலுவலகம். இளஞ்செழியன் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீ என் அக்கா என்று அவனுக்குத் தெரியாதாம். தெரிந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே பயப்படுகிறான்.

ஓட்டு எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். ஏற்கிறவர்கள் "ஆம்" சொல்லுங்கள் என்று பேரவைத் தலைவர் கேட்பார். பிறகு மறுக்கிறவர்கள் "இல்லை" சொல்லுங்கள் என்பார். எந்தச் சத்தம் பெரியதோ அது ஜெயித்தது. பேர் எழுத மாட்டார்கள். அதனால் நீ கேட்கும் காகிதம் என்று ஒன்று கிடையாது.

கட்சியின் கொறடா என்று ஒருவர் இருக்கிறார். இந்த மசோதாவுக்கு எல்லோரும் சபையில் இருந்து "ஆம்" சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் தேர்தல். உனக்குச் சொல்லத் தேவையில்லை.

வெயில் அதிகமாக இருக்கிறது. மாமாவை மோர் குடிக்கச் சொல்.

பாலு

*

ஆரணி
2.5.2025

பாலுவுக்கு, இங்கு நலம். அங்கும் அப்படியே என்று டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இளைத்திருக்கிறாய்.

24ஆம் தேதி மசோதா நிறைவேறியதும் சபை வாசலில் நின்று மைக்கில் பேசினாய். "இந்தச் சட்டத்தை மனதார வரவேற்கிறேன், நெசவாளர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை." அது பேப்பரிலும் வந்தது. வெட்டி ஒட்டினேன். இடது பக்கம் பொங்கலன்று பேசியது, வலது பக்கம் இது. நோட்டை மூடினால் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்கின்றன.

மறுநாள் காலை தெருவில் பாவு போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு மணிமேகலை கஞ்சியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இன்னாம்மா, உன் தம்பி டி.வி.ல அப்பிடி பேசிகினு கீறாரு? உள்ள இல்லன்னு சொன்னாரா சொல்லலையா?" பாவின் இரண்டு பக்கமும் பதினைந்து பேர். எல்லாக் கையும் நின்றுவிட்டது. மாமா என்னைப் பார்த்தார்.

"சொன்னான்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "வெளியே கட்சிக்காக அப்படிப் பேசறான், உள்ளே நமக்காகச் சொன்னான்" என்று ஜோடித்தும்விட்டேன். நம்பிவிட்டார்கள். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

ஒரு வார்த்தை எழுது. சொன்னாயா?

அக்கா

*

ஆரணி
15.7.2025

பாலுவுக்கு, நலம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கடிதம் தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது சுலபமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலை சட்டம் நம் தெருவுக்கு வந்தது. நகராட்சியிலிருந்து நாலு பேர். பாதிக் கஞ்சி போட்டாயிற்று, மீதிப் பாதிக்குக் கை வைக்கும் நேரம். வந்தவர் நல்ல பிள்ளைதான். "அம்மா, எனுக்கு மட்டும் ஆசையா? மேலேர்ந்து லெட்டர் வந்துகீது. ஜல்தி சுருட்டிடுங்க" என்று கும்பிட்டார். ஈரப் பாவைச் சுருட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவே வீணாகிவிட்டது. ஜெயவேல் அண்ணன் வீட்டுப் பாவு அது. மகள் கல்யாணப் புடவைக்குப் போட்டது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன் தம்பி தனி ஆளா இன்னா பண்ணுவாரு பாவம், அவுருதான் இல்லன்னு சொன்னாரே" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அன்றைக்கு வேனில் கலெக்டரிடம் போயிருந்தால் ஏதாவது நடந்திருக்குமோ என்னவோ. போக விடாமல் உட்கார வைத்தது நான்.

இப்போது பள்ளிக்கூட மைதானத்தில் கேட்டுப் போடுகிறோம், லீவு நாளில் மட்டும். நோட்டில் அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உன் பதிலுக்கு.

அக்கா

*

சென்னை
30.8.2025

அக்காவுக்கு, வணக்கம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தொலையவில்லை.

கீதாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை. எனக்கும் அலைச்சல். வெளியூர் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று "ஆம்" கேட்டபோது எல்லோரும் மேஜையைத் தட்டிச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை, அக்கா. பிறகு "இல்லை" கேட்டார்கள். எதிர்வரிசையில் சிலர் சொன்னார்கள். எனக்கு நேர் பின்னால் கொறடா உட்கார்ந்திருந்தார். அரை நிமிஷம்கூட இருக்காது. முடிந்துவிட்டது.

ஜெயவேல் அண்ணனின் பாவைப் பற்றிப் படித்தபோது மனசு கேட்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் சொன்னேனா இல்லையா என்பதற்கு எங்கேயும் பதிவு கிடையாது. நீ தெருவில் சொன்னது அப்படியே இருக்கட்டும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர்களுக்கும் அதில் ஓர் ஆறுதல் இருக்கிறதல்லவா?

இன்னொரு விஷயம். தேர்தலுக்கு முன்னால் நான் ஐந்து வருஷம் பேசியதையும் செய்ததையும் சிறு புத்தகமாகப் போடச் சொல்கிறார்கள். உன் கிராப் நோட்டைப் பார்சலில் அனுப்பி வை. அதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தை இளஞ்செழியன் பார்த்து எடுத்துவிடுவான்.

மாமாவுக்கு என் வணக்கம்.

பாலு

*

ஆரணி
21.9.2025

பாலுவுக்கு, நாங்கள் நலம். கீதாவைக் கஞ்சியாகக் குடிக்கச் சொல், இரண்டு நாள் வேலை வேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆம் சொல்லவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இல்லை சொல்லவில்லை என்று எழுதவே இல்லை. "முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். பத்து வயசில் தலையையாவது ஆட்டினாய்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். எனக்கு. நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் என் வார்த்தைக்கு ஒரு மரியாதை இருந்தது. பாவு எண்ணிக்கையோ பட்டு எடையோ, தெய்வநாயகி சொன்னால் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அதைத்தான் உனக்காக எடுத்துச் செலவழித்தேன்.

நேற்று சங்கத்தில் எழுந்து நின்றேன். "ஏப்ரல் மாசம் நான் சொன்னது பொய். என் தம்பி வாயைத் திறக்கல. உங்களைக் கலெக்டர் கிட்ட போவ வுடாம பண்ணதும் நான்தான்" என்றேன். மணிமேகலை எழுந்து வெளியே போய்விட்டாள். ஜெயவேல் அண்ணன், "உக்காரும்மா, முழங்கால் வலிக்கும்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

நோட்டு பார்சலில் வருகிறது. காலிப் பக்கத்தில் நானே எழுதிவிட்டேன்: "24.4.2025. ஆம் சொல்லவில்லை. இல்லையும் சொல்லவில்லை." பேனாவில், கீழே என் கையெழுத்து. புத்தகம் போடுவதானால் அந்தப் பக்கத்தோடு போடு. எடுத்துவிட்டுப் போட்டால் உன் இஷ்டம், ஆனால் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடு. அது மாமாவுடையது.

மழைக்காலம் வருகிறது. பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

தெய்வநாயகி

*

சென்னை
27.10.2025

அம்மா,

வணக்கம். நான் இளஞ்செழியன். இது அலுவலகக் கடிதம் இல்லை, அதனால்தான் கையால் எழுதுகிறேன். முதலில் உங்கள் முழங்காலைப் பற்றி அன்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள்.

நோட்டு வந்த அன்று நான்தான் பிரித்தேன். நீங்கள் எழுதிய பக்கத்தை ஐயாவிடம் காட்டினேன். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். புத்தகம் வேண்டாம் என்று மறுநாள் சொல்லிவிட்டார்.

இந்த மாதம் சபை கூடியது. அதே சட்டத்தில் அபராதத்தை உயர்த்த ஒரு திருத்தம் வந்தது. நான் மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். "இல்லை" கேட்டபோது எதிர்வரிசையில் சொன்னார்கள். அது அடங்கிய பிறகு ஆளும் வரிசையிலிருந்து தனியாக ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திருத்தம் நிறைவேறிவிட்டது, அம்மா. சபைக் குறிப்பில் ஐயா பெயர் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து கட்சி அலுவலகத்திலிருந்து போன் வருவதில்லை. வேட்பாளர் பட்டியலில் வேறு பெயர் பேசிக்கொள்கிறார்கள்.

ஐயா இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார். நோட்டை மட்டும் அனுப்பச் சொன்னார். நான் மீறி எழுதுகிறேன்.

இப்படிக்கு
இளஞ்செழியன்

*

ஆரணி
9.11.2025

பாலுவுக்கு, எல்லோரும் நலம். மழை ஒரு வாரமாக விட்டபாடில்லை. கீதாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

நோட்டு வந்து சேர்ந்தது. ஒரு பக்கமும் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன். கூடவே அந்தப் பிள்ளை இளஞ்செழியனின் கடிதமும் வந்தது. அவனை ஒன்றும் சொல்லாதே. இரண்டாவது தடவை நல்ல கடிதம் எழுதக் கற்றுக்கொண்டான்.

படித்து முடித்ததும் மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஜெயவேல் கிட்ட போய்ச் சொல்லட்டுமா?" என்று செருப்பைத் தேடினார். வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்கும் ஓடிப்போய் மணிமேகலை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்போலத்தான் இருந்தது. அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒருமுறை உன் பேரில் நான் சொன்ன வார்த்தையின் கதி எனக்குத் தெரியும். இனிமேல் உன் வார்த்தையை நான் சொல்வதாக இல்லை.

மழை விட்ட முதல் லீவு நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் பாவு இருக்கிறது. ஜெயவேல் அண்ணன் வீட்டுக்குப் புதிதாகப் போட்டது. விடிகாலை ஐந்தரைக்கு எல்லோரும் இருப்பார்கள். எதிர்முனைக்கு நீ வந்து நில். என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். தலையை ஆட்டாதே.

நோட்டில் நான் எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறேன். அக்டோபர், திருத்தம், "இல்லை" என்று சொன்னான். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். நீ வந்து அவர்கள் எதிரில் உன் வாயால் சொல், அங்கேயே பேனாவை எடுத்து அதன் மேல் எழுதிவிடுகிறேன்.

உன் அக்கா